வீட்டுப் புரொஜெக்டர்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

புரொஜெக்டரில் எந்தக் கோளாறு தலைகாட்டினாலும் முதலில் அதன் மெனு பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்த மெனுவைப் புரொஜெக்டர் தானே வரைகிறது. அது கேபிள் வழியாக வருவதில்லை. ஆகவே படத்தில் தெரியும் குறை மெனுவின் எழுத்துகளிலும் தெரிந்தால் பழுது புரொஜெக்டரிலோ லென்ஸிலோ திரையிலோ இருக்கிறது. மெனு பளிச்சென்று தெரிந்து படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிளையும் பிளேயரையும் அவற்றின் அமைப்புகளையும் சோதிக்க வேண்டும். என் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலுமாகப் பலமுறை ஏணியில் ஏறி இறங்கிய பிறகு படிந்த பழக்கம் இது. ஏணியை எடுப்பதற்கு முன்பே பாதித் தேடலை முடித்துவிடும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில் வருகிறது, செலவு மிகுந்தது கடைசியில் வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பழுதைத் தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட நேரும்.

அறிகுறி: பொத்தானை அழுத்தினாலும் இயங்கவில்லை

எந்த விளக்கும் எரியவில்லை என்றால்

அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு கருவியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், இடையில் உள்ள ஸ்டெபிலைசரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் நீக்கிவிட்டுப் புரொஜெக்டரை நேராக இணையுங்கள். கூரையில் தொங்கும் புரொஜெக்டர்களில் மின்கம்பி தன் எடையாலேயே பின்புறத் துளையிலிருந்து சிறிது சிறிதாக நழுவுவதுண்டு. பார்வைக்குச் செருகியபடியே இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். சில மாதிரிகளில் மின்கம்பிக்கு அருகில் தனியே ஒரு முதன்மைச் சுவிட்சும் உண்டு. இவையெல்லாம் சரியாக இருந்து, அதே அளவுள்ள வேறொரு மின்கம்பியாலும் உயிர் வரவில்லை என்றால் மின்வழங்கிப் பலகையில் பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. இங்கே நிறுத்திக்கொண்டு பழுதுநீக்குநரை அழையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்தப் பலகையின் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் மூடியைத் திறப்பது நம் வேலையல்ல.

காத்திருப்பு விளக்கு எரிகிறது, ரிமோட்டுக்கு மட்டும் அசைவில்லை என்றால்

புரொஜெக்டரின் உடலில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். அதற்கு இயங்கினால் குற்றம் ரிமோட்டில்தான். பேட்டரியை மாற்றிய பின்னும் சந்தேகம் இருந்தால், கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள்; அகச்சிவப்பு ரிமோட்டாக இருந்தால் அதன் முனை திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் மின்னும். மின்னியும் பதில் இல்லை என்றால், புரொஜெக்டரின் ரிமோட் ஏற்பான்மீது வெயிலோ வேறொரு விளக்கின் வெளிச்சமோ நேராக விழுகிறதா என்று பாருங்கள்.

விசிறி சுழல்கிறது, சில நொடிகளில் அணைந்து சிவப்பு விளக்கு மினுக்குகிறது என்றால்

அது எத்தனை முறை மினுக்குகிறது, எந்த விளக்கு மினுக்குகிறது என்பதை எண்ணிக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இந்த எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி வேறுபடும்; ஒன்றின் அட்டவணை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

அண்மையில் படத்துக்கு ஒளி தரும் உள் விளக்கை மாற்றியிருந்தால் முதல் ஐயம் விளக்கு அறையின் மூடிமீதுதான் விழ வேண்டும். அந்த மூடிக்குப் பின்னால் ஒரு சிறிய பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. மூடி முழுமையாக அமரும்போதுதான் அது அழுந்தும். ஒரு நண்பர் வீட்டில் புதிய விளக்கு பழுதானது என்றே முடிவுகட்டித் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டோம். கடைசியாக ஒருமுறை மூடியின் இரண்டு திருகுகளில் ஒன்றை மேலும் அரைச் சுற்று முறுக்கியபோது ‘டிக்’ என்று ஒலி கேட்டது, அடுத்த நிமிடம் படம் வந்தது. விளக்குத் தொகுதியும் அப்படித்தான்: இணைப்பி முழுவதும் உள்ளே போகும் வரை அழுத்த வேண்டும்.

இதற்கு முன் சற்று நேரம் ஓடி அணைந்த புரொஜெக்டராக இருந்தால், சூடான விளக்கு உடனே மறுபடியும் பற்றாது என்பதை நினைவில் வைத்துக் கால்மணி நேரம் பொறுங்கள். பொறுத்தும் பயனில்லை என்றால் விளக்கின் ஆயுள் முடிந்திருக்கலாம். புதிய விளக்கு சரியாக அமர்ந்தும் எரியவில்லை என்றால், விளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பேலஸ்ட்டோ, டி.எல்.பி. வகையாக (நுண்கண்ணாடிகள் நிறைந்த சில்லால் படம் உருவாக்குவது) இருந்தால் அதனுள் சுழலும் வண்ணச் சக்கரமோ பழுதாகியிருக்கும்; இரண்டும் பழுதுநீக்குநருக்கு உரியவை. தொடங்கும்போது வழக்கத்துக்கு மாறாகக் கீச்சிடும் ஒலியோ அரைபடும் ஒலியோ கேட்டால் சந்தேகம் சக்கரத்தின் பக்கம் சாய்கிறது.

விளக்கை நீங்களே மாற்றுவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். புதிய விளக்கின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். பொருத்திய பிறகு மெனுவில் விளக்கு மணிக்கணக்கைச் சுழியமாக்குங்கள். பழைய விளக்கு உள்ளேயே வெடித்திருந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள், ஏனெனில் இவ்வகை விளக்குகளில் பாதரசம் உண்டு. சிதறிய கண்ணாடியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். கூரையில் தொங்கும் புரொஜெக்டராக இருந்தால் மூடியைத் திறந்ததும் கண்ணாடித் துண்டுகள் முகத்தில் கொட்டக்கூடும் என்பதால், அந்த வேலையைப் பழுதுநீக்குநரிடமே விடுங்கள்.

அறிகுறி: வெளிச்சம் வருகிறது, ‘சிக்னல் இல்லை’ என்று காட்டுகிறது

நான் அதிகமாகச் சந்தித்த கோளாறு இதுதான். பெரும்பாலும் ஒரு காசும் செலவின்றித் தீர்வதும் இதுதான். எந்த எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிள் இருக்கிறதோ அதே துளையை ரிமோட்டில் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளேயர் உறக்க நிலைக்குப் போயிருந்தால் எழுப்புங்கள். விண்டோஸ் மடிக்கணினியாக இருந்தால் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, இரு திரைகளிலும் ஒரே படம் காட்டும் தேர்வை எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, கேபிளின் இரு முனைகளையும் பிடுங்கிச் செருகி, முதலில் புரொஜெக்டரையும் அடுத்து ஒலிப்பெருக்கியையும் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) கடைசியில் பிளேயரையும் இயக்குங்கள்.

இவை பலிக்கவில்லை என்றால் அமைப்புகளில் மூழ்கி நேரத்தை வீணாக்காமல், பிளேயரைப் புரொஜெக்டரின் அருகிலேயே கொண்டுவந்து 1 அல்லது 2 மீட்டர் நீளமுள்ள கேபிளால் நேராக இணையுங்கள். படம் வந்தால் பிளேயரும் புரொஜெக்டரும் குற்றமற்றவை. இடையில் உள்ள நீண்ட கேபிளோ ஒலிப்பெருக்கியோ பிரிப்பானோதான் வழியை மறிக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ அதுவே காரணம். குறுகிய கேபிளிலும் படம் வரவில்லை என்றால் புரொஜெக்டரின் மற்றொரு துளையில் சோதியுங்கள். எல்லாத் துளைகளும் பொய்த்து, அதே பிளேயர் ஒரு தொலைக்காட்சியில் ஒழுங்காகப் படம் காட்டினால், புரொஜெக்டரின் உள்ளீட்டுப் பலகையை நிபுணர் பார்க்க வேண்டும்.

நீண்ட தொலைவுக்கு ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள்: அதற்குத் திசை உண்டு. பிளேயருக்கான முனை ஒன்று, திரைக்கான முனை வேறொன்று, முனைகளின்மேல் அச்சிட்டிருக்கும். சுவருக்குள் குழாய் வழியே இழுத்து, பூச்சும் முடிந்த பிறகு அந்தச் சிறு எழுத்தைப் படித்து, தலைகீழாக இழுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட ஒரு மாலைப்பொழுதை நான் கடந்து வந்திருக்கிறேன். கேபிளை இழுப்பதற்கு முன் தரையில் விரித்து வைத்து இணைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

1080 தெளிவில் படம் வருகிறது, 4கே தேர்ந்தால் கறுப்பாகிறது என்றால்

நொடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே சிக்னலுக்கு, முழு வண்ணத் தகவலோடு, நொடிக்கு 18 கிகாபிட் வேகம் தாங்கும் கேபிள் வேண்டும். பழைய அதிவேகக் கேபிள்கள் 10.2 கிகாபிட்டுக்கே சான்று பெற்றவை. பிளேயரில் 60ஐ 24 அல்லது 30 ஆகக் குறைத்துப் பாருங்கள். படம் வந்துவிட்டால் கேபிளின் கொள்திறன்தான் குறை. சாதாரணச் செப்புக் கேபிளில் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினாலே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. புரொஜெக்டரின் மெனுவில் எச்.டி.எம்.ஐ. துளையை உயர்நிலைக்கு மாற்றும் தேர்வு இருக்கிறதா என்றும், எல்லாத் துளைகளும் 4கே ஏற்பவைதானா என்றும் கையேட்டில் பார்த்துவிட்டுப் புதிய கேபிள் வாங்குங்கள்.

செயலியின் பக்கங்கள் தெரிகின்றன, படம் தொடங்கியதும் திரை கறுப்பாகிறது என்றால்

இது நகல் தடுப்பு முறையின் வேலை. 4கே படங்களுக்குப் பெரும்பாலும் அந்த முறையின் எச்.டி.சி.பி. 2.2 என்ற பதிப்பு கேட்கப்படுகிறது, சங்கிலியில் உள்ள ஒரே ஒரு கருவி பழைய பதிப்போடு நின்றாலும் படம் வராது, அல்லது தெளிவு குறைந்து வரும். இடையில் உள்ள பழைய ஒலிப்பெருக்கியை விலக்கிச் சோதித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

அறிகுறி: திரையில் புள்ளிகள்

புள்ளிகள் இடம் மாறி மாறி மின்னினாலோ, படம் அவ்வப்போது நொடிப்பொழுது மறைந்து வந்தாலோ அது கேபிள் திணறுவதன் அடையாளம்; மேலே சொன்ன கேபிள் சோதனைகளே இதற்கும் போதும். மெனுவைத் திறந்தாலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கும் வெள்ளைப் புள்ளிகள் டி.எல்.பி. வகையில் நுண்கண்ணாடிகள் சிக்கிக்கொண்டதைக் குறிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் சகித்துக்கொள்ளலாம். வாரந்தோறும் பெருகினால் அந்தச் சில்லை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

விளிம்பு கலைந்த பச்சை, நீலம் அல்லது இளஞ்சிவப்புப் படலம் இருண்ட காட்சிகளில் மட்டும் தெரிவது வேறு வகை. மூன்று எல்.சி.டி. பலகைகள் கொண்ட புரொஜெக்டர்களில் ஏதோ ஒரு பலகையின் அருகே தூசி படிந்திருக்கிறது என்று பொருள். படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் அந்தப் படலம் சுருங்கி, நூலிழை போன்ற தூசியாகவே துலங்கும். அதைக் கண்டால் தூசி உள்ளே இருப்பது உறுதி. லென்ஸின் வெளிப்புறத்தை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. அழுத்தக் காற்றுப் புட்டியை உள்ளே பீச்சியடிக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதில் உள்ள வாயு எரியக்கூடியதாக இருக்கலாம், தூசியும் இன்னும் ஆழமாகப் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒளித்தொகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: படம் மங்கலாகவோ இருட்டாகவோ இருக்கிறது

வாங்கிய நாளிலிருந்தே அப்படி என்றால்

அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துத் திரைச்சீலைகளை மூடிவிட்டுப் பாருங்கள். புரொஜெக்டரால் கறுப்பை வீசி அடிக்க முடியாது. அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அதுவே உங்கள் கறுப்பு. வெளிர்நிறச் சுவர்களும் கூரையும் திரையின் ஒளியையே திருப்பி அனுப்பிப் படத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், திரையை ஒட்டிய பகுதிகளுக்கு அடர்நிறம் பூசுவது, புதிய புரொஜெக்டர் வாங்குவதைக் காட்டிலும் நல்ல பலன் தரும் என்பது என் கணிப்பு. அடுத்து, ஒளியைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எகோ நிலையை அணைத்துப் பார்க்கலாம். மூன்றாவதாகத் திரையின் அளவு: 100 அங்குலத் திரையை 120 அங்குலம் ஆக்கினால் பரப்பு 1.44 மடங்கு பெருகுகிறது. அதே ஒளி அவ்வளவு பரப்பிலும் பரவ வேண்டியிருக்கிறது.

நாளடைவில் மங்கியது என்றால்

காற்று ஃபில்டரையும் லென்ஸையும் பாருங்கள். லென்ஸில் உள்ள தூசியை முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிட்டு, பிறகே மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் தூசியே கீறிவிடும். பிறகு மெனுவில் விளக்கு மணிக்கணக்கைப் படியுங்கள். பாதரச விளக்குகளின் ஆயுள் என்று அறிவிப்பது பொதுவாக ஒளி பாதியாகக் குறையும் வரையுள்ள நேரத்தைத்தான். விளக்கு எரிகிறதே என்று அதன் பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மெல்ல மெல்ல இருளுக்குப் பழகிவிடுகிறார்கள். வெடிக்கும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போகிறது. லேசர் ஒளிமூலத்துக்குப் பெரும்பாலும் 20,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள் என்பதால் அங்கே சந்தேகத்தைத் தூசியின்மீதே முதலில் வையுங்கள்.

புதிய 4கே படங்கள் மட்டும் இருட்டாக இருக்கின்றன என்றால்

புரொஜெக்டரில் பழுதில்லை. அவற்றில் பல எச்.டி.ஆர். படங்கள், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சுள்ளவை; 1,000 நிட் (திரை ஒளிர்வின் அலகு) அல்லது அதற்கும் மேலான ஒளிர்வை எண்ணித் தயாராகின்றன. வீட்டுப் புரொஜெக்டரின் திரையில் கிடைப்பதோ அதில் சிறு பங்குதான். மெனுவில் எச்.டி.ஆர். ஒளிர்வுக்கான தனி அளவுகோல் இருந்தால் அதை நகர்த்திப் பாருங்கள். திருப்தி இல்லை என்றால் பிளேயரிலேயே எச்.டி.ஆரை அணைத்துவிடலாம். நடுத்தர ஒளியுள்ள புரொஜெக்டர்களில் நான் தயக்கமின்றி அணைத்துவிடுவேன்.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, அல்லது நிழல் விவரங்கள் மறைந்துவிட்டன என்றால்

மெனுவின் கறுப்புப் பின்னணி அடர்ந்து தெரியும்போதே படத்தின் கறுப்பு வெளுத்திருந்தால், பிளேயரின் வண்ண வரம்பும் (கறுப்பு முதல் வெள்ளை வரை குறிக்கும் எண்களின் எல்லை) புரொஜெக்டரின் வண்ண வரம்பும் ஒத்துப்போகவில்லை. ஒன்று 16 முதல் 235 வரை அனுப்பி, மற்றொன்று 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு வெளுக்கும். எதிர்மறையாக இருந்தால் நிழல்கள் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே வரம்பில் வையுங்கள்.

அறிகுறி: நிறம் மாறியிருக்கிறது

படம் முழுவதும் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறி, மெனு மட்டும் இயல்பான நிறத்தில் இருந்தால், மெனுவில் வண்ணவெளித் தேர்வை (கலர் ஸ்பேஸ்) தானியங்கு நிலைக்கு மாற்றுங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள். மெனுவிலும் அதே நிறம் ஏறியிருந்தால் முதலில் வண்ண அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். அதன் பின்னும் திரையின் ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் அல்லது நீலத் திட்டு நின்றால் எல்.சி.டி. வகையில் முனைவாக்கித் தகடு வெப்பத்தால் கருகியிருக்கக்கூடும். இதற்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு அல்லது நீலக் கோடு தெரிந்தால் மூன்று பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமரவில்லை. பலகைச் சீரமைப்புத் தேர்வு மெனுவில் இருந்தால் அரை மணி நேரம் சூடேறவிட்டு அதைச் செய்யுங்கள். வெள்ளை எழுத்துகள் நகரும்போது வானவில் சிதறுவது போல் தெரிவது ஒற்றைச் சில்லு டி.எல்.பி. புரொஜெக்டர்களின் இயல்பு, சிலர் கண்ணுக்கே தெரியாது, சிலருக்குத் தலைவலியே வரும். அதைப் பழுதுபார்க்க இயலாது.

அறிகுறி: ஃபோகஸும் வடிவமும் சரியில்லை

படம் போட்ட உடனே ஃபோகஸ் செய்யாதீர்கள். லென்ஸ் சூடேறச் சூடேற ஃபோகஸ் நகரும். இருபது முப்பது நிமிடங்கள் கழித்துச் செய்தால் நிலைக்கும். நடுவில் தெளிவாகவும் ஒரு பக்கத்தில் மங்கலாகவும் இருந்தால் புரொஜெக்டர் திரைக்கு நேராக நிற்கவில்லை. திரையின் இடது, வலது ஓரங்களிலிருந்து லென்ஸ் வரை உள்ள தொலைவை அளவுநாடாவால் அளந்து, லென்ஸ் திரையின் நடுவுக்கு நேராக இருக்கும்படி இரண்டையும் சமமாக்குங்கள்.

மேற்பகுதி அகன்றும் கீழ்ப்பகுதி குறுகியும் இருந்தால் கை தானாக, கோணலான படத்தைச் செவ்வகமாக்கும் கீஸ்டோன் பொத்தானுக்குப் போகும். அதைக் கடைசி வழியாக வையுங்கள். கீஸ்டோன் படத்தின் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சுருக்குகிறதே ஒழிய ஒளியை வளைப்பதில்லை. ஆகவே தெளிவு குறைகிறது, சுருங்கிய படத்தைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்பும் தெரிகிறது. புரொஜெக்டரை மட்டமாக வைத்து, லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் வசதி இருந்தால் அதைக் கொண்டு படத்தை ஏற்றி இறக்குங்கள்.

படம் திரையை நிரப்பவில்லை அல்லது மீறி வழிகிறது என்றால் வீச்சு விகிதத்தைப் பாருங்கள். தொலைவை அகலத்தால் வகுத்தால் வருவது அது. மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள 16:9 திரையின் அகலம் 221 சென்டிமீட்டர், 1.5 விகிதமுள்ள புரொஜெக்டரை ஏறத்தாழ 3.3 மீட்டரில் வைக்க வேண்டும். அறை அதற்கு இடம் தரவில்லை என்றால் எந்த அமைப்பும் உதவாது. படம் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ வந்தால் மெனுவில் கூரை, பின்புற நிலைகளைச் சரிசெய்தால் போதும். படம் நடுங்கினால் தாங்கியின் திருகுகளை முறுக்கிவிட்டு, அதே கூரையில் உள்ள மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி: படம் ஓடும்போதே அணைந்துவிடுகிறது

அணைந்த விதத்தை முதலில் கவனியுங்கள். அணைந்த பிறகும் விசிறி ஓடி வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணம் சூடு. எல்லாமே ஒரே நொடியில் செத்துப்போனால் மின்சாரம். எந்த எச்சரிக்கையும் இன்றி அமைதியாக அணைந்தால் உறக்க நேரமானியோ, சிக்னல் இல்லாதபோது அணையும் அமைப்போ இயங்கியிருக்கும்.

சூடு என்றால் ஃபில்டரைக் கழற்றி மென்மையான தூரிகையாலோ குறைந்த விசையில் வைத்த வாக்குவம் கிளீனராலோ தூசி நீக்குங்கள். கையேடு அனுமதித்தால் மட்டுமே தண்ணீரில் கழுவுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியேறும் சூடான காற்றே சுற்றி வந்து உள்ளே புகுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதி என்றால் உயர்நில நிலையை இயக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அணைந்தால் ஏதோ ஒரு விசிறி நின்றுபோயிருக்கிறது அல்லது வெப்ப உணரி பிழைபடுகிறது. எச்சரிக்கையை மீறித் திரும்பத் திரும்ப இயக்கினால் மலிவான விசிறிப் பழுது விலையுயர்ந்த ஒளித்தொகுதிப் பழுதாக முடியும்.

அறிகுறி: ஒலி வரவில்லை அல்லது உதட்டசைவோடு ஒட்டவில்லை

எச்.டி.எம்.ஐ. வழியே ஒலியும் புரொஜெக்டருக்கே போகிறது. பலவற்றில் ஸ்பீக்கர் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். பிளேயரிலிருந்து ஒலிப்பெருக்கிக்கும் அங்கிருந்து புரொஜெக்டருக்கும் இணைப்பதே சரியான வழி. ஒலி முந்தினால், புரொஜெக்டர் படத்தைப் பதப்படுத்த நேரம் எடுக்கிறது. அசைவை மென்மையாக்கும் தேர்வை அணைத்துவிட்டு, மீதியை ஒலிப்பெருக்கியின் தாமத அமைப்பில் சரிசெய்யுங்கள். ஒலி பிந்தினால் காரணம் பெரும்பாலும் புளூடூத். கம்பி இணைப்புக்கு மாறுங்கள்.

பழுதுநீக்குநரை அழைக்கும்போது

மாதிரி எண், மினுக்கல் எண்ணிக்கை, குறை மெனுவிலும் தெரிகிறதா என்ற விவரம், கைப்பேசியில் எடுத்த ஒரு படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒளித்தொகுதி, சில்லு, லேசர் தொகுதி ஆகியவற்றில் ஒன்றை மாற்ற வேண்டும் என்று சொன்னால், வேலையைத் தொடங்குவதற்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். இம்மூன்றும் பல நேரங்களில் புதிய புரொஜெக்டரின் விலையை நெருங்கிவிடும். விளக்கு மணிக்கணக்கையும் கட்டாயம் கேட்பார்கள். இயங்காத புரொஜெக்டரில் மெனுவைத் திறக்க முடியாது என்பதால், அந்த எண்ணை மாதத்துக்கு ஒருமுறை கையேட்டின் பின்னட்டையில் பென்சிலால் குறித்து வருகிறேன்.